குமாஸ்தாவின் கையில் நின்ற வரிகள்

4 அக்டோபர் 1976, திங்கள்

கடைசி ஆறு வருட ஏரிக் கணக்குக்கே நாற்பத்தொரு நிமிடம் ஓடிக்கொண்டிருந்த ப்ரோக்ராம் இன்று இருபத்தேழு நிமிடத்தில் முடிந்தது. ஸ்ரீரங்கன் சார் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பேஷ்! என்னய்யா பண்ணினே?" என்றார். எங்கள் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் வாயிலிருந்து பேஷ் வருவது வருடத்துக்கு இரண்டு தடவை. "குமாஸ்தாவைத் திருத்தினேன் சார்" என்றேன். சிரித்தார். எப்படி என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வித்தை காட்டுகிறவன் எங்கே சொல்வான்!

இங்கே எழுதி வைக்கிறேன், பிற்காலத்தில் நானே மறந்துபோனால் உதவும். சிமுலா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எல்லாமே உருப்படிகள். ஏரி என்று ஒரு கிளாஸ், அதாவது ஒரு வார்ப்பு, எழுதினால் போதும், அதை வைத்துப் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரிகளை உண்டாக்கிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் தன் நீர்மட்டம் தெரியும், தன் மதகைத் திறந்து மூடத் தெரியும். பன்னிரண்டு வருட மழையை அவற்றின் மேல் பெய்யவிட்டு, நகரத்துக்கு எந்த மாதம் தண்ணீர் இல்லாமல் போகும் என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு நிலையத்துக்கு வந்திருக்கும் வேலை. ஏரிகள் சொல்வதை எழுதி வைக்க ஓர் ஆள் வேண்டாமா? அதற்கு 'குமாஸ்தா' என்று ஒரு கிளாஸ். முதலில் ஏரிக்கு ஒரு குமாஸ்தா வைத்தேன். நாலு பேரும் ஒரே கோப்பைத் திறந்து, ஒருத்தன் எழுதியதன் மேல் இன்னொருத்தன் எழுதித் தொலைத்தான்கள். பிறகு எல்லாருக்கும் பொதுவாக ஒரே குமாஸ்தா. 'மதகு திறந்தேன்', 'எச்சரிக்கை, மட்டம் குறைகிறது' என்று ஏரி சொல்லும். அவன் லாக் கோப்பில் ஒரு வரி எழுதுவான். ஒவ்வொரு வரிக்கும் அவன் டிஸ்க்குக்கு ஓடியதால்தான் அத்தனை நேரம் ஆயிற்று. இப்போது இருபது வரி சேரும்வரை கையிலேயே வைத்திருந்து, சேர்ந்ததும் ஒரே நடையில் போய் எழுதுகிறான். ப்ரோக்ராம் முடியும்போது கையில் மீதி இருப்பதையும் எழுதிவிடுவான். பதினாலு நிமிடம் மிச்சம்.

ஆபரேட்டர் மெஹபூப் அலிக்கு என்னைவிட சந்தோஷம். "இன்னா நைனா, இன்னிக்கு டீயை சூடா குடிக்கலாம் போலகீதே!" என்றார்.

6 அக்டோபர், புதன்

காலையில் பல் தேய்க்கும்போதே வெள்ளைச்சாமி அண்ணன் பிடித்துக்கொண்டார். "எலேய் கருணா, வேலை நிரந்தரம்னு தாளு எப்பத்தான் வரும்? டிசம்பர் வரைக்கும் பாப்பேன். வரலன்னா பேசாம கடைக்கு வந்துரு. ஜவுளி கிழிக்கதுக்கு மிஷினு வேண்டாம், கை போதும்."

டிசம்பரோடு என் இரண்டு வருடத் தகுதிகாண் காலம் முடிகிறது. உத்தரவு வந்தால் நான் ஆய்வு நிலையத்துக்காரன். வராவிட்டால் ரங்கநாதன் தெருவில், 'அக்கா, இந்தக் கலர் பாருங்க' என்று வாழ்நாள் முழுக்க. கடை கேவலம் என்று நான் சொல்லவில்லை. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அந்தக் கடைதான். ஆனால் அங்கே நின்றால் எனக்கு மூச்சு முட்டுகிறது. இதை அண்ணனிடம் எப்படிச் சொல்ல?

8 அக்டோபர், வெள்ளி

டேப் போய்விட்டது.

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன். பன்னிரண்டு வருடத்தையும் முதல் தடவையாக முழுசாக ஓட்டலாம் என்று பன்னிரண்டரைக்கு ப்ரோக்ராமை ஏற்றிவிட்டுக் கீழே சாப்பிடப் போனேன். ஒரு மணிக்கு மேலே வந்தால் இயந்திர அறை அமைதியாக இருக்கிறது. மெஹபூப் அலி டேப் சுருளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். முகமெல்லாம் வியர்வை, அந்தக் குளிர்சாதன அறையில்.

"நான்தான் நிறுத்தினேன் நைனா. லூப்ல மாட்டிக்கிச்சு, ஒரே எடத்துல சுத்துது. டேப்பு முன்ன போவுது, பின்ன வருது, முன்ன போவுது, பின்ன வருது. ரெண்டு நிமிசம் பாத்தேன். வுட்டா மொத்தமும் அழிச்சிடும்னு கேன்சல் பண்ட்டேன்."

ஆபரேட்டர்கள் எழுதும் லாக் புத்தகத்திலும் அப்படியே எழுதியிருந்தார். 12.58, லூப், நிறுத்தப்பட்டது. பிறகு ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார்.

டேப்பைப் படித்துப் பார்த்தேன். முதல் ஏழு வருடத்து மழை, நீர்மட்ட அளவுகள் இருந்த இடத்தில் என் விடைகள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றன. வெளிநாட்டு டேப், தட்டுப்பாடு, அதனால் அளவுகள் இருக்கும் டேப்பின் கடைசியிலேயே விடையையும் எழுதுவது எங்கள் வழக்கம். நகல் கிடையாது. அளவுகளைத் துளையிட்ட அட்டைகள்? டேப்பில் ஏறிவிட்டதே, இடத்தை அடைக்கிறதே என்று ஆகஸ்டிலேயே எடைக்குப் போட்டாயிற்று.

மூன்று மாத வேலை.

9 அக்டோபர், சனி

புஷ்பம் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அட்டையில் துளை போடும் பிரிவில் அவளும் இன்னும் இரண்டு பெண்களும். மூன்று பேரும் மறுபடி முதலிலிருந்து. "வெரல் தேஞ்சுபோச்சு சார். பட்டினப்பாக்கத்துலேர்ந்து தெனம் ரெண்டு பஸ் மாறி வந்து தட்னது எல்லாம் பூட்ச்சா? அட்டைய எடைக்கிப் போடாதீங்கன்னு தலதலையா அட்ச்சிக்கினேனே, யாரு கேட்டீங்க?"

யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் இதற்கு யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும் என்று டைரக்டர் கத்தினது மாடிவரைக்கும் கேட்டது. திங்கள்கிழமை விசாரணை.

11 அக்டோபர், திங்கள்

என்னையும் கூப்பிட்டார்கள். டைரக்டர், ஸ்ரீரங்கன் சார், அலுவலக மேலாளர், மூன்று பேர். எதிரே நாற்காலியில் மெஹபூப் அலி. என்னைக் கதவோரம் நிற்கவைத்தார்கள்.

டைரக்டர் முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. இப்போது நாடு முழுக்க ஒழுங்கு, ஒழுங்கு என்றுதான் பேச்சு. பஸ்ஸின் முதுகில்கூட 'பேச்சைக் குறை, உழைப்பைப் பெருக்கு' என்று எழுதியிருக்கிறான். ஒழுங்கீனமான ஆள் ஒருவரைப் பிடித்து டெல்லிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அவருடைய கட்சி இது: வெள்ளிக்கிழமை, தொழுகைக்கு நேரமாயிற்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ப்ரோக்ராமை ஆபரேட்டர் அவசரப்பட்டு நிறுத்தினார், எழுதும்போது நிறுத்தியதால் டேப் கெட்டது, தப்பிக்க லூப் என்று எழுதி வைத்தார்.

"தொழுகை ஒன்றரைக்கு சார். ஒரு மணிக்கு எனக்கு இன்னா அவசரம்?" என்றார் மெஹபூப் அலி. டைரக்டர் என் பக்கம் திரும்பினார்.

"உங்க லாக்ல லூப் பத்தி ஏதாவது இருக்கா?"

"இல்லை சார்."

"ஒரு எச்சரிக்கைகூட?"

"இல்லை சார். கடைசி வரி, சோழவரம் மதகு மூடியது, நிலை சரி."

"ஏதாவது விட்டுப்போயிருக்க வாய்ப்பு?"

"என் லாக் எதையும் விடாது சார்."

சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என்னத்துக்கு மறைப்பது, இருந்தது. மூன்று பெரியவர்கள் முன்னால் என் குமாஸ்தாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினேன். மெஹபூப் அலி என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இல்லை. ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

உண்மையைத்தானே சொன்னேன்? லாக்கில் இல்லை என்றால் இல்லை.

12 அக்டோபர், செவ்வாய்

மெஹபூப் அலியைத் தற்காலிகமாக நீக்கி உத்தரவு. அவர் இடத்தில் இன்னொரு ஆபரேட்டர், வடிவேலு.

13 அக்டோபர், புதன்

பத்து வரியைக் காணோம்.

நேற்றெல்லாம் ஏதோ உறுத்தல். மெஹபூப் அலியின் அந்தப் பார்வை. இன்று சின்னதாக ஒரு சோதனை ஓட்டினேன். ஒரே ஏரி. ஐம்பது வரி சொல்லிவிட்டு வேண்டுமென்றே நின்ற இடத்திலேயே சுற்றும்படி எழுதினேன். வடிவேலுவை நிறுத்தச் சொன்னேன். லாக் கோப்பைத் தாளில் அடித்துப் பார்த்தால் நாற்பது வரிதான். மறுபடி ஓட்டினேன். நாற்பது. முப்பத்தைந்து சொல்லச் சொன்னேன். இருபது.

நடுவில் நிறுத்தினால் குமாஸ்தா கையில் வைத்திருப்பது அவனோடு செத்துப்போகிறது. மீதியை எழுதிவிட்டுப் போக அவனுக்கு அவகாசமே கிடையாது.

இது எனக்குத் தெரியாதா? இருபது சேரும்வரை வைத்திருடா என்று எழுதினவனே நான்தானே! நிறுத்தினால் என்ன ஆகும் என்று மட்டும் யோசிக்கவில்லை. பதினாலு நிமிடம், பேஷ்... அதோடு மூளை நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை லாக்கை எடுத்து ஒவ்வொரு வரியாக எண்ணினேன். ஆயிரத்து முந்நூற்று அறுபது. சரியாக அறுபத்தெட்டு இருபது. ஒன்று கூட இல்லை, ஒன்று குறையவில்லை. அதற்குப் பிறகு ஏரிகள் என்ன கத்தினவோ, அது கோப்புக்கு வந்து சேரவே இல்லை.

எதையும் விடாது சார் என்றேனே. எதையும் விடாது. அட பாவி.

14 அக்டோபர், வியாழன்

இன்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

1969 மே மாதம் சோழவரம் வற்றிக் கிடந்த அளவுகள் பொதுப்பணித் துறை அனுப்பிய பேரேட்டில் இருக்கின்றன. புஷ்பத்திடம் கெஞ்சி முப்பது அட்டை மட்டும் துளை போட்டு வாங்கினேன். குமாஸ்தாவை ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் எழுதும்படி மாற்றினேன். ஒரு பழைய டேப்பை மாட்டி ஓட்டினேன்.

நிலை சரி. நிலை சரி. பிறகு: எச்சரிக்கை, சோழவரம் மட்டம் மதகடிக்குக் கீழே. எச்சரிக்கை. எச்சரிக்கை. பதின்மூன்று எச்சரிக்கை. அதற்கு மேல் லாக்கில் சத்தமே இல்லை. வற்றின ஏரியிடம் தண்ணீர் கேட்டுக் கேட்டு ப்ரோக்ராம் ஒரே இடத்தில் சுற்றுகிறது. சுற்றும் ஒவ்வொரு முறையும் டேப்பைப் பின்னால் இழுத்து விடையை எழுதுகிறது. வற்றிய ஏரி என்று ஒன்று இருக்கும் என்று நான் கிளாஸ் எழுதும்போது நினைக்கவில்லை. மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவன்!

வடிவேலு டேப் சுற்றும் பெட்டியின் கண்ணாடி முன்னால் நின்று, "இன்னா சார் இது, டேப்பு போய்க்கினு வந்துக்கினு கீது?" என்றான். மெஹபூப் அலி சொன்னதும் இதேதான். "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினேன்.

ஆக ப்ரோக்ராமும் என் தப்பு. லாக்கும் என் தப்பு. அந்த மனுஷர் நிறுத்தியிருக்காவிட்டால் மிச்சம் ஐந்து வருடமும் போயிருக்கும்.

நாலு மணிக்குத் தாள்களை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கன் சார் அறைக்குப் போனேன். வாயைத் திறக்கும் முன் அவரே, "வா, வா. உன் கன்ஃபர்மேஷன் ஃபைல் டைரக்டர் டேபிள்ல இருக்கு. அன்னிக்கு விசாரணைல நீ தெளிவா பேசினது அவருக்கு ரொம்பப் பிடிச்சுடுத்து. இந்த மாசமே கையெழுத்தாயிடும், ஆத்துல சொல்லிடு" என்றார்.

"தேங்க்ஸ் சார்" என்றேன்.

தாள்களை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். தேங்க்ஸ் சார்! வேறு யாரோ சொன்ன மாதிரி இருக்கிறது. நான்தான் சொன்னேன்.

15 அக்டோபர், வெள்ளி

இதை எழுதாமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

மதியம் டீ குடிக்க வெளியே போனபோது அடையாறு பஸ் நிறுத்தத்தில் மெஹபூப் அலி நின்றுகொண்டிருந்தார். எனக்காகத்தான் நின்றிருக்கிறார். உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. சவரம் செய்யவில்லை. அவர் சம்சாரம் ஷகீலாவும் கூட வந்திருந்தார், தள்ளி மரத்தடியில், எங்கள் பக்கம் பார்க்காமல்.

"நைனா, உன் மேல எனக்கு கோவம் இல்லேன்னு சொல்ல வர்ல. கோவம்தான். ஏழு வருசம் இந்த மிஷின்கூட கீறேன். லூப்பு எதுன்னு எனக்குத் தெரியாதா? கண்ணால பாத்தத சொன்னேன். காகிதத்துல இல்லேன்னு நீ சொன்னே, நான் பொய்யனாயிட்டேன்."

நான் கையில் டீ கிளாஸோடு நிற்கிறேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இன்னொரு தபா லாக்கப் பாரு. எங்கனா ஒரு வரி, ஒரு வார்த்த... எதுனா கீதான்னு பாத்து சொல்லு. ஊட்ல தெனம் கேக்குது, நீ நெசமாவே தொழப் போறதுக்காவ நிறுத்தினியான்னு. இவளே கேக்குறா நைனா."

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். நீங்கள் சொன்னது சரி அண்ணே, தப்பு என்னுடையது.

"பாக்கறேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நம்பினார். இரண்டு பேரும் ராயப்பேட்டை பஸ் ஏறிப் போனார்கள். நேற்றே பார்த்துவிட்டவன் பாக்கறேன் என்கிறேன்! நான் என்ன ஜென்மம்?

16 அக்டோபர், சனி

லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே கடைக்குப் போனேன். நானாக. அண்ணனுக்கு ஆச்சரியம். தீபாவளிக்கு ஆறு நாள்; ரங்கநாதன் தெருவில் நடக்கவே இடம் இல்லை. சாயங்காலம் வரை சேலை பிரித்தேன், மடித்தேன், பிரித்தேன். அங்கே நின்றால் ஆபீஸில் நிற்க வேண்டாம், அதற்காகத்தான் போனேன். திங்கள்கிழமை சொல்லிவிடலாம் என்று பத்துத் தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

17 அக்டோபர், ஞாயிறு

மத்தியானம் மைனி சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் கடையில். இசக்கி மைனிக்கு அதிகம் பேச்சுக் கிடையாது, பேசினால் தப்பிக்க முடியாது.

"என்ன தம்பி, நாலு நாளா சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்கீய. ஆபீசுல என்ன?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கிளாஸ், குமாஸ்தா, டேப் எதுவும் மைனிக்குத் தெரியாது. கடைப் பாஷையில் சொன்னேன்: சரக்கு எழுதுகிறவன் இருபது சேரட்டும் என்று சும்மா இருந்தான், அதற்குள் கடையில் தீப்பிடித்தது, நோட்டில் இல்லை என்று காவல்காரனைத் திருடன் என்றுவிட்டார்கள், அந்த எழுதுகிறவனை வைத்தவன் நான்.

மைனி சோற்றுப் பானையை மூடி வைத்தாள்.

"தப்பு ஒங்க பேர்லன்னு என்னைக்குத் தெரியும்?"

"புதன்கிழமை."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை" என்றாள். எழுந்து போய்விட்டாள். மோர் ஊற்ற வரவே இல்லை.

சாயங்காலத்துக்குள் நாலு தடவை கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் 'ஒரு சிறு தொழில்நுட்பக் குறைபாடு' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே காறித் துப்பலாம் போலிருந்தது. கடைசியில் எழுதியது ஐந்தே வரி. நான் எழுதிய லாக் வரிகளைத் தொலைக்கிறது. ப்ரோக்ராம் லூப்பில்தான் இருந்தது. ஆபரேட்டர் செய்தது சரி. விசாரணையில் நான் சொன்னது தப்பு. இதை 13-ஆம் தேதியே கண்டுபிடித்தேன். அந்த ஐந்தாவது வரியை அடித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். இப்போது இருக்கிறது.

வேலை போகும். போகட்டும்.

18 அக்டோபர், திங்கள்

கொடுத்துவிட்டேன்.

ஸ்ரீரங்கன் சார் இரண்டு தடவை படித்தார். வியாழக்கிழமை ஓட்டிய தாளில் பதின்மூன்று எச்சரிக்கையையும் விரல் வைத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சனிக்கிழமை மத்தியானம் டிஸ்மிஸல்ல டைரக்டர் கையெழுத்துப் போட்டுட்டார் கருணாகரா. அன்னிக்கே டெல்லிக்குத் தந்தி போயிடுத்து. இத சனிக்கிழமை காத்தால குடுத்திருக்கப்படாதோ? அதுவரைக்கும் வெறும் சஸ்பென்ஷன்தானே, கிழிச்சுப் போட்டிருப்பேனே!"

நான் சேலை மடித்துக்கொண்டிருந்தேன் சார். சொல்லவில்லை. நின்றேன்.

"எங்கிட்ட வியாழக்கிழமை ஏதோ காயிதம் எடுத்துண்டு வந்தியே, இதுதானா?"

தலையை ஆட்டினேன். அதற்கப்புறம் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தாள்களை எடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்கு அவரே போனார்.

20 அக்டோபர், புதன்

டைரக்டர் ஒரு மணி நேரம் நிற்கவைத்தார். அவருக்கு மெஹபூப் அலி குற்றமற்றவர் என்பது பெரிதாகப் படவில்லை. டெல்லிக்கு அனுப்பியதைத் திரும்ப எழுத வேண்டுமே என்பதுதான் எரிச்சல். "யார் கேட்டாங்க இந்தக் கடிதத்தை?" என்றார். ஒரு கட்டத்தில் என் கடிதத்தை என்னிடமே நீட்டி, "எடுத்துட்டுப் போங்க, நான் பார்க்கலைன்னு வச்சுக்கறேன்" என்றார்.

கை நீளப் பார்த்தது. ஒரு வினாடி. பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஃபைல்ல சேர்த்துடுங்க சார்."

வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினேன்.

22 அக்டோபர், தீபாவளி

ராயப்பேட்டைக்குப் போனேன். கதவைத் திறந்தவர் ஷகீலா. நான் யார் என்று தெரிந்ததும் சாத்தவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. மெஹபூப் அலி வெளியே வந்தார். வாசலிலேயே நின்று எல்லாம் சொன்னேன். தேதிகளோடு சொன்னேன். புதன்கிழமை தெரியும், வெள்ளிக்கிழமை பாக்கறேன் என்றபோது தெரிந்தேதான் சொன்னேன் என்று.

அவர் உள்ளே திரும்பி, "கேட்டுக்கினியா ஷகீலா? லூப்புதான்" என்றார். உள்ளே போய்விட்டார். தெருவில் பிள்ளைகள் சரம் கொளுத்திப் போட்டார்கள். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

3 நவம்பர், புதன்

டெல்லியிலிருந்து பதில். பணிநீக்க உத்தரவு பதிவாகிவிட்டது. அதைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை. ஆனால் வழக்கின் தன்மையைக் கருதி, மேற்படி நபர் புதிதாக விண்ணப்பித்தால் புதிய நியமனமாக எடுத்துக்கொள்ளலாம்.

புதிய நியமனம் என்றால் என்ன என்று அலுவலக மேலாளரிடம் கேட்டேன். "இன்னிக்கு சேர்ந்த ஆள்னு அர்த்தம். பழைய ஏழு வருஷம் கிடையாது. சீனியாரிட்டி, பதவி உயர்வு, எல்லாம் ஒண்ணுலேர்ந்து" என்றார். சனிக்கிழமை காலையில் என் கடிதம் வந்திருந்தால்? "சஸ்பென்ஷன் ரத்தாகியிருக்கும், ஒரு நாள் சர்வீஸ்கூடக் குறைஞ்சிருக்காது."

சனிக்கிழமை காலை. எந்தச் சேலையைப் பிரித்துக்கொண்டிருந்தேன் அப்போது? மாம்பழக் கலரா, மயில் கழுத்தா? ஏழு வருஷம்டா! ஒரு மனுஷனோட ஏழு வருஷம்!

எனக்கு வேலை போகவில்லை. தகுதிகாண் காலம் இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பு. அவ்வளவுதான் தண்டனை. இதைக் காப்பாற்றிக்கொள்ளவா அந்த நாலு நாள்?

4 நவம்பர், வியாழன்

அண்ணனிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "இன்னும் ஒரு வருசமா? சரி, இரு" என்றார். மைனி என்ன சொல்லி வைத்தாளோ.

குமாஸ்தா இப்போது ஒரு வரி கேட்டால் ஒரு வரி எழுதிவிடுகிறான். கடிகார நேரத்தையும் சேர்த்து எழுதுகிறான். அதுவரை ஏரியின் தேதி மட்டும்தான் இருந்தது. ப்ரோக்ராம் மெதுவாகிவிட்டது என்று யாரும் குறை சொல்லவில்லை. ஓட்டுவதற்கு முதலில் அளவுகள் வேண்டுமே. புஷ்பம் இன்னும் 1965-இல்தான் இருக்கிறாள்.

15 நவம்பர், திங்கள்

மெஹபூப் அலி இன்று சேர்ந்தார்.

ஒன்பதேகாலுக்கு வந்தார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வருகைப் பதிவேட்டு மேஜை அருகே நான் நின்றுகொண்டிருந்தேன். பதிவேடு வேலையில் சேர்ந்த வரிசைப்படிதான். அவர் பெயர் எப்போதும் மேலிருந்து மூன்றாவது. பழக்கத்தில் விரல் நேராக அங்கே போயிற்று. அங்கே வேறு பெயர். விரல் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கியது. வடிவேலு. புஷ்பம். நான். போன மாதம் சேர்ந்த தோட்டக்காரர். தாளின் அடியில், புது மையில், இருபத்தாறு, மெஹபூப் அலி.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"பேனா கீதா, சார்?"

கொடுத்தேன். குனிந்து கையெழுத்துப் போட்டார், நேரம் எழுதினார், மூடியைத் திருகித் திருப்பிக் கொடுத்துவிட்டு இயந்திர அறைக்குப் போனார்.